கீறல் முந்துமா, நகல் முந்துமா?

டிஸ்க்கின் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால் வீடியோ கேம் பிரியர்கள் பதறுகிறார்கள். நிஜமான ஆபத்து மேலே. 1.2 மி.மீ. தடிமனுள்ள சி.டி.யில் தகவல் பதிந்திருப்பது படம் அச்சிட்ட பக்கத்தை ஒட்டித்தான். அடியில் விழும் லேசான கீறலை மெருகேற்றிப் போக்கலாம். மேலே அலுமினியப் படலம் உரிந்தால் ஆட்டம் குளோஸ்.

1994இல் ஜப்பானில் அறிமுகமான முதல் பிளேஸ்டேஷனின் உற்பத்தி 2006இல் நின்றுபோனது. அதன் பழைய சி.டி.க்களுக்கு ஒரே காப்பு, கம்ப்யூட்டரில் முழு நகல். டிரைவ் திணறினால் வேகத்தைக் குறைத்து மீண்டும் படிக்கவைக்கலாம். அப்போதும் படிக்க முடியாத பகுதி போனது போனதுதான்.

சட்டம்? முறைப்படி வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமைச் சேதத்திலிருந்து காக்க, தற்காலிகப் பாதுகாப்பாக நகலெடுக்க 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. நண்பர்களுக்கு விநியோகிக்க அல்ல. டிஸ்க் நன்றாக ஓடும்போதே நகலெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.