க்ரெட்டா வாங்கப் போறீங்களா? பவரை விடுங்க, முதல்ல உங்க கிலோமீட்டரைப் பாருங்க!

ஷோரூம்ல போய் உட்கார்ந்ததும் கையில ஒரு பளபள புரோஷரைக் கொடுப்பாங்க. 115 பிஎஸ், 160 பிஎஸ், 144 என்எம், 253 என்எம், ஐவிடி, டிசிடி... தலை சுத்தும். ‘எல்லாமே 1.5 லிட்டர் இன்ஜின்தானே, அப்புறம் ஏன் விலையில இவ்வளவு வித்தியாசம்?’னு கேட்கத் தோணும். கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்துல இருக்குற சேல்ஸ் தம்பி சொன்னதுக்குத் தலையாட்டிட்டு, ஏழு வருஷம் இஎம்ஐ கட்டுறவங்க உண்டு. நீங்க அந்த லிஸ்ட்ல சேர வேண்டாம்.

காம்பேக்ட் எஸ்யூவி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹூண்டாய் க்ரெட்டா. 2015-ல் அறிமுகமான இந்த கார், நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது. 2024 ஜனவரியில் வந்த க்ரெட்டாவை வைத்தே இன்ஜின் கணக்கைப் புரிந்துகொள்வோம்.

எஸ்யூவி மாதிரி, ஆனா கார்!

நீளம் 4,330 மி.மீ. வீல்பேஸ் 2,610 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் 190 மி.மீ. டேங்க்கில் 50 லிட்டர் பிடிக்கும். பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருந்தாலும், பாடியும் சேஸியும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் கட்டமைப்பு இது. கார்களில் இருப்பதும் இதேதான். இதைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள். எந்த வேரியன்ட் எடுத்தாலும் முன் சக்கரங்கள் மட்டும்தான் காரை இழுக்கும். அதனால் ஸ்பீடு பிரேக்கர், பள்ளம் மேடு எல்லாம் ஓகே. ஆற்று மணலில் இறக்கி ரீல்ஸ் எடுக்கும் ஆசை வேண்டாம்!

4 மீட்டரைத் தாண்டிய கார் என்பதால், 2025 செப்டம்பரில் மாறிய ஜிஎஸ்டி-யில் இதற்கு வரி 40%. 4 மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி-க்குள்ளோ, டீசல் இன்ஜின் 1,500 சிசி-க்குள்ளோ இருந்தால் 18% தான். நெக்ஸான் போன்ற கார்கள் 3,995 மி.மீ-யில் நின்றுவிடும் ரகசியம் புரியுதா?

பிஎஸ் வேற, என்எம் வேற

நண்பனை சைக்கிளில் பின்னாடி ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறியிருக்கிறீர்களா? பெடலை ஓங்கி மிதிக்கிறீர்களே, அந்த அழுத்தம்தான் டார்க். அதன் அளவு என்எம். அதே அழுத்தத்தோடு எவ்வளவு வேகமாக மிதிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தால் வருவது பவர். அதன் அளவு பிஎஸ். சிக்னலில் இருந்து கிளம்பவும், மலை ஏறவும் டார்க் வேண்டும். ஹைவேயில் வேகம் பிடிக்க பவர் வேண்டும்.

இப்போது மூன்று இன்ஜின்களையும் பார்ப்போம்.

1. சாதா பெட்ரோல்: 1,497 சிசி, 115 பிஎஸ், 144 என்எம். முழு டார்க் கிடைக்க 4,500 ஆர்பிஎம் வரை போக வேண்டும். 6 ஸ்பீடு மேனுவல் அல்லது ஐவிடி ஆட்டோமேட்டிக். மேனுவலின் ஏஆர்ஏஐ மைலேஜ் 17.4 கி.மீ.

2. டர்போ பெட்ரோல்: 1,482 சிசி, 160 பிஎஸ், 253 என்எம். டார்க் முழுவதும் 1,500 ஆர்பிஎம்-லேயே வந்துவிடும். 7 ஸ்பீடு டிசிடி. ஏஆர்ஏஐ மைலேஜ் 18.4 கி.மீ. ஆனால், அது டெஸ்ட் கணக்கு. காலை அழுத்தினால் மைலேஜ் வேகமாக இறங்கும்.

3. டீசல்: 1,493 சிசி, 116 பிஎஸ், 250 என்எம். இதிலும் 1,500 ஆர்பிஎம்-லேயே முழு டார்க். 6 ஸ்பீடு மேனுவல் அல்லது 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். மேனுவலின் ஏஆர்ஏஐ மைலேஜ் 21.8 கி.மீ.

சாதா பெட்ரோலும் டீசலும் பவரில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் டார்க்கில் 100 என்எம்-க்கு மேல் வித்தியாசம். புரோஷரில் பிஎஸ்-ஐ மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொரு விஷயம், ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறையும். சாதா பெட்ரோல் இன்ஜினின் பவர் அங்கே தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். டீசலிலும் டர்போ உண்டு.

டீசல் லாபமா? கணக்குப் போடுவோம்

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.5 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஏஆர்ஏஐ மைலேஜ்படி ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு 5.80 ரூபாய், டீசல் செலவு 4.24 ரூபாய். மிச்சம் 1.56 ரூபாய். டீசலுக்காகக் கூடுதலாக ஒன்றரை லட்சம் கொடுத்தீர்கள் என்றால், அந்தப் பணத்தை மீட்க சுமார் 96,000 கி.மீ ஓட்ட வேண்டும்!

மாதம் 2,000 கி.மீ ஓட்டுபவருக்கு நாலு வருஷம். 1,000 கி.மீ என்றால் எட்டு வருஷம். 500 கி.மீ தான் என்றால் 16 வருஷம். அதுவரை அந்த காரை வெச்சிருப்பீங்களா?

பணம் மட்டும் பிரச்னை இல்லை. என் நண்பன் வேளச்சேரியில் இருந்து பெருங்குடி ஆபீஸுக்குப் போய்வர டீசல் எஸ்யூவி வாங்கினான். என்ன பிராண்ட் என்பது இங்கே முக்கியமில்லை. சில மாதங்களிலேயே டேஷ்போர்டில் டிபிஎஃப் வார்னிங் லைட். பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்தான் டிபிஎஃப். சேர்ந்த கரியை எரித்து வெளியேற்ற அது 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டினால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காரை ஹைவேயில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருகிறான். மிச்சம் பிடிக்க வாங்கிய கார், ஃபில்டருக்காக டீசல் குடிக்கிறது!

ஐவிடி-யா, டிசிடி-யா?

ஐவிடி-யில் படிப்படியான கியர்கள் கிடையாது. இரண்டு புல்லிகளும் ஒரு செயினும்தான். ஜெர்க் இல்லாமல் நகரும். திடீரென ஓவர்டேக் செய்ய மிதித்தால், சத்தம் முதலில் வரும், வேகம் கொஞ்சம் லேட்டாக வரும். டிசிடி-யில் இரண்டு கிளட்ச் இருப்பதால் கியர் மாறுவதே தெரியாது, செம ஸ்பீடு. ஆனால் பம்பர் டு பம்பர் நெரிசலில் பிரேக்கில் இருந்து காலை லேசாக எடுத்து எடுத்து ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, ஒரேயடியாக நகர்த்தப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்போ எதை எடுக்கலாம்?

தினமும் ஆபீஸ், எப்போதாவது சொந்த ஊர் என்றால் சாதா பெட்ரோல் தாராளம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஐவிடி. வாரம் தவறாமல் சென்னை டு மதுரை போய்வருபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டீசல். ஓட்டுவதே சந்தோஷம், பெட்ரோல் செலவு பற்றிக் கவலையில்லை என்றால் டர்போ.

ஷோரூம் போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கு. இப்போது ஓட்டும் வண்டியின் ஓடோமீட்டரை இன்றைக்கு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சரியாக ஒரு மாதம் கழித்து இன்னொரு போட்டோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு போய் உட்காருங்கள். ‘சார், டீசல்தான் பெஸ்ட்’னு யாராவது ஆரம்பிச்சா, அந்த நம்பரைச் சொல்லி, ‘இதுக்கு எத்தனை வருஷத்துல காசு திரும்பும்?’னு நீங்க கேளுங்க!