பழுதுற்ற பழங்கணிப்பொறியைச் செப்பனிடும் முறை

பள்ளி மாணவர்களுக்குக் கணிப்பொறியை அறிமுகம் செய்விக்கும் பொருட்டு இந்திய அரசு 1984-ஆம் ஆண்டில் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. அப்பள்ளிகளுக்கு அளிக்கப்பட்டது, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனத்தார் 1981-இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறியாகும். பஞ்சாபின் மொஹாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனமும் இதனை உரிமம் பெற்று, யூனிகார்ன் என்னும் பெயரில் தயாரித்தது. இன்று இப்பொறிகள் பள்ளிக் கிடங்குகளிலும் ஆர்வலர் சிலரின் வீடுகளிலும் தூசு படிந்து கிடக்கின்றன. ஸ்விட்சைப் போட்டும் உயிர் பெறாத பொறியைக் குப்பைக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. ஆனால் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது கணிப்பொறி அன்று. அதற்கு மின்சாரம் வழங்கும் பெட்டியோ, சில்லுகளைத் தாங்கும் சாக்கெட்டுகளோதாம்.

ஆகவே இருபது முப்பது ஆண்டுகள் ஓய்ந்திருந்த பொறியை எடுத்தவுடன் மின்சாரத்தில் இணைத்துப் பார்ப்பது பெருந்தவறு. இதன் காரணத்தை அறிய, மின்வழங்கியின் நுழைவாயிலில் உள்ள இரண்டு சிறிய கண்டென்சர்களைக் கவனித்தல் வேண்டும். லைனில் வரும் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக அமைக்கப்பட்ட இவை, உலோகப்பூச்சுள்ள காகிதத்தைச் சுருட்டி, மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற பிசினில் அடைத்துச் செய்யப்பட்டவை. காலப்போக்கில் பிசினில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே காற்றிலுள்ள ஈரம் உட்புகுந்து காகிதத்தில் ஊறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து மாதக்கணக்கில் ஈரத்தைக் கொணரும் மீனாட்சிபுரம் போன்ற எல்லைப்புற ஊர்களில் இக்கேடு விரைவில் நேரக்கூடியது. ஈரமுற்ற கண்டென்சரில் 230 வோல்ட் பாய்ந்தால் அது சூடேறி வெடித்து, அறை முழுவதும் நாறும் புகையைக் கக்கும். விந்தை யாதெனில், புகை எழும்போதும் பொறி ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதுண்டு! இவற்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிராமல், அதே அளவுள்ள புதிய 'எக்ஸ் 2' வகைக் கண்டென்சர்களை முன்னதாகவே மாற்றிவிடுவதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மின்வழங்கியின் உள்ளே இருக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது உடனே அகல்வதில்லை. தக்க மின்தடை ஒன்றின் வழியாக அதனை வடியவிட்டு, மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்துகொண்ட பிறகே கை வைத்தல் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இவ்வேலையை ரேடியோ அல்லது டெலிவிஷன் செப்பனிடுவோரிடம் ஒப்படைப்பது நன்று.

கண்டென்சரை மாற்றியபின் மின்வழங்கியைக் கணிப்பொறிப் பலகையிலிருந்து கழற்றித் தனியே சோதிக்கவேண்டும். இவ்வகை மின்வழங்கி சுமையின்றி ஓடுவதை விரும்பாது. மோட்டார் வண்டியின் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை 5 வோல்ட் கம்பிகளுக்கிடையே இணைத்தால் போதும். அது மங்கலாக எரியும். அந்நிலையில் மீட்டர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே காட்டவேண்டும். மின்னழுத்தம் இதற்கு மிகுந்தால் பலகையில் இணைக்கவே கூடாது. ஏனெனில் அதில் திரைப்படத்தை உருவாக்கும் வீடியோ சில்லு, இப்பொறிக்கென்றே பெரான்டி நிறுவனத்தார் வடித்துக் கொடுத்த தனிச் சில்லாகும். இன்று அது செய்யப்படுவதில்லை. எரிந்துபோனால் மற்றொரு பழைய பொறியைச் சிதைத்தே அதனைப் பெறவேண்டியிருக்கும். இல்லையேல் ஆர்வலர் செய்யும் மாற்றுச் சாதனத்தைத் தேடவேண்டும்.

மின்வழங்கி சீராயிருந்தும் திரை இருண்டு கிடந்தால், அடுத்துக் காதைத் தீட்டுதல் வேண்டும். ஸ்விட்சைப் போட்டவுடன் இப்பொறியின் ஒலிச் சில்லு தானாகவே ஒரு தாழ்ந்த ஒலியை எழுப்பும். செயலி விழித்துக்கொண்டு முதற்கட்டளைகளை நிறைவேற்றும்போது அவ்வொலியை அடக்கி, ஒரு குறுகிய 'பீப்' ஒலியைத் தரும். முதல் ஒலி நிற்காமல் நீடித்தால், செயலி தன் வேலையை அந்தக் கட்டம்வரை செய்யவில்லை என்பது தெளிவு. மருத்துவர் நாடி பார்ப்பதுபோன்ற இச்சோதனைக்கு யாதொரு கருவியும் தேவையில்லை.

செயலி ஏன் விழிக்கவில்லை? 6502 என்னும் அச்செயலி, எழுந்தவுடன் முகவரிப் பரப்பின் இறுதிப் பகுதியிலுள்ள இரண்டு பைட்டுகளைப் படித்து, எங்கே தொடங்குவது என்பதை அறிகின்றது. அவ்விரு பைட்டுகள் இருப்பது ரோம் சில்லில். அந்தச் சில்லோ ஒரு சாக்கெட்டில் செருகப்பட்டுள்ளது. ஈரத்தால் அதன் கால்களில் களிம்பு ஏறினால் ஒரே ஒரு கம்பித் தொடர்பு அறுந்தாலும் செயலிக்குத் தவறான முகவரி கிட்டும். ஆதலால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உடலின் நிலைமின்சாரம் நீங்க நிலத்துடன் இணைந்த உலோகத்தைத் தொட்டபின், சில்லுகளை ஒவ்வொன்றாக மெல்ல நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, மீண்டும் அழுத்திச் செருகுவதே முதற் சிகிச்சை. செருகும்போது சில்லின் முனையிலுள்ள குழிவு முன்பிருந்த திசையையே நோக்கவேண்டும். இவ்வளவில் எழுந்து உட்காரும் பொறிகள் பல. இதனாற் பயனில்லாதபோதுதான் 37-ஆம் காலில் 2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வருகின்றதா, 40-ஆம் காலில் ரீசெட் நிலை நீங்குகின்றதா என்று ஆசிலாஸ்கோப்பைக் கொண்டு ஆராயவேண்டும்.

சில சமயங்களில் பொறியே தன் நோயைச் சொல்லிவிடுகிறது. திரையில் 'லாங்குவேஜ்?' என்னும் சொல் தோன்றினால் பேசிக் மொழி அடங்கிய ரோம் மட்டுமே எட்டவில்லை, மற்றவை நலமே. 32 கிலோபைட் என்று வரவேண்டிய இடத்தில் 16 என்று வந்தால், 16 நினைவகச் சில்லுகளுள் ஒரு பாதியைச் சந்தேகிக்கலாம்.

பொறி எழுந்தபின் உடனே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அக்காலத்து மாணவரும் ஆசிரியரும் எழுதிய நிரல்கள் கேசட்டு நாடாக்களில் நொடிக்கு 1200 பிட்டு வீதம் ஒலியாகப் பதிவாகியுள்ளன. நாடாவில் பூஞ்சை தென்பட்டால் துடைத்த பிறகே ஓட்டவேண்டும். நல்ல நாடாவாயின் முதல் ஓட்டத்திலேயே ஒலியைப் புதிய கணினியில் பதிந்துகொள்ளுதல் வேண்டும். இரண்டாம் ஓட்டத்திற்கு அது தாங்கும் என்பது உறுதியன்று.