கிறித்தோபல் கோலோன்: தலைமைப் பீரங்கிகள் இல்லாத போர்க்கப்பல்

ஒரு போர்க்கப்பலின் வலிமையை அதன் வடிவமைப்புப் பட்டியலைக் கொண்டு மதிப்பிடுவது பலரது வழக்கம். எடை எவ்வளவு, கவசத்தின் தடிப்பு எவ்வளவு, பீரங்கிகள் எத்தனை என்னும் கணக்கே அம்மதிப்பீட்டில் முதன்மை பெறுகிறது. பட்டியலில் எழுதப்பட்டவை அனைத்தும் போர்க்களத்திற்கு வந்து சேர்ந்தனவா என்று நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. ஸ்பெயின் நாட்டின் ‘கிறித்தோபல் கோலோன்’ என்னும் கப்பலின் வரலாறு, அவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பதை நமக்கு உணர்த்துகிறது.

முதற்கண், அக்கப்பலின் வகையை அறிந்துகொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெரும் போர்க்கப்பல்கள் தடித்த கவசம் பூண்டிருந்தன. ஆயினும் அவை மெல்லச் சென்றன. குரூசர் எனப்பட்ட கப்பல்கள் விரைந்து சென்றன. ஆயினும் அவற்றின் காப்பு குறைவு. இவ்விரண்டின் நற்கூறுகளையும் இயன்றவரை இணைக்க எழுந்ததே கவசக் குரூசர். இது எளிய செயலன்று. ஒரு கப்பல் தாங்கும் எடைக்கு எல்லை உண்டு. கவசத்தை மிகுத்தால், எந்திரம், நிலக்கரி, பீரங்கி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குறைத்தாக வேண்டும்.

இத்தாலியரான எதோவார்தோ மாஸ்தேயா வடிவமைத்த ‘ஜுசெப்பே கரிபால்டி’ வகைக் கப்பல்கள் இச்சிக்கலுக்கு நல்லதொரு விடையாக அமைந்தன. இத்தாலியக் கடற்படைக்கெனத் தொடங்கப்பட்ட அவ்வகைக் கப்பல் ஒன்றை ஸ்பெயின் விலைக்கு வாங்கியது. ஜெனோவாவை அடுத்த செஸ்திரி பொனெந்தேயில் அன்சால்தோ நிறுவனம் கட்டிய அக்கப்பல், 1896 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்டு, 1897 மே மாதம் ஸ்பெயினிடம் ஒப்படைக்கப்பட்டது. கொலம்பஸின் ஸ்பானியப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

அதன் எடை ஏறத்தாழ 6,800 டன். வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கடல்மைல். நீர்மட்டத்தை ஒட்டி அமைந்த கவசப் பட்டை நடுப்பகுதியில் 150 மில்லிமீட்டர் தடிப்புடையது. அக்கவசம் மேல்நோக்கி உயர்ந்து, பக்கவாட்டுப் பீரங்கித் தளத்தையும் காத்தது. 152 மில்லிமீட்டர் பீரங்கிகள் 10, 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் 6 பொருத்தப்பட்டிருந்தன. இவற்றுக்கும் மேலாக, முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக இரண்டு 254 மில்லிமீட்டர் பீரங்கிகள் அமைய வேண்டும் என்பது திட்டம்.

அவ்விரண்டும் பொருத்தப்படவே இல்லை. அவற்றுக்கென அளிக்கப்பட்ட பீரங்கிகளைக் குறையுடையவை எனக் கருதி ஸ்பானியக் கடற்படை ஏற்க மறுத்தது. மாற்றுப் பீரங்கிகள் கிடைக்குமுன் போர் மூண்டது. சிறிய பீரங்கிகள் விரைந்து சுடக்கூடியவை. ஆனால் தொலைவிலுள்ள பெரும் போர்க்கப்பலின் தடித்த கவசத்தைத் துளைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. படையணித் தலைவர் அட்மிரல் செர்வேரா இக்குறையைத் தம் அரசுக்கு எடுத்துரைத்திருந்தார். இருப்பினும், 1898 ஏப்ரல் 29ஆம் நாள் அவரது அணி கேப் வெர்டே தீவுகளிலிருந்து அமெரிக்கக் கடற்படையை எதிர்கொள்ளப் புறப்பட்டது. மே 19இல் கியூபாவின் சந்தியாகோ துறைமுகத்தை அடைந்தது. விரைவில் அமெரிக்கக் கப்பல்கள் துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டன.

ஜூலை 1இல் நகரைச் சூழ்ந்த குன்றுகள் வீழ்ந்தன. ஹவானாவிலிருந்து வந்த கட்டளைப்படி, ஜூலை 3 காலை செர்வேராவின் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. மற்ற மூன்று குரூசர்களும் தீப்பற்றிக் கரை ஒதுங்கின. கிறித்தோபல் கோலோன் மட்டும் பெருஞ்சேதமின்றி மேற்கு நோக்கி விரைந்தது. அதன் கவசமும் வேகமும் தம் கடமையைச் செய்தன எனலாம்.

ஆனால் வேகம் நிலக்கரியைச் சார்ந்தது. உயர்தர நிலக்கரி தீர்ந்ததும், தரம் குறைந்த கரியை எரிக்க நேர்ந்தது. கொதிகலன்களில் நீராவி அழுத்தம் தாழ்ந்தது. கப்பலின் ஓட்டம் தளர்ந்தது. துரத்தி வந்த ‘ஒரிகான்’ கப்பலின் 330 மில்லிமீட்டர் குண்டுகள் அருகில் விழத் தொடங்கின. தொலைவிலிருந்து விடையிறுக்கும் பீரங்கி கோலோனிடம் இல்லை. பிற்பகல் 1 மணிக்குச் சற்றுப் பின்னர், சந்தியாகோவிலிருந்து ஏறத்தாழ 50 கடல்மைல் தொலைவில், துர்கீனோ ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பல் தரைதட்டப்பட்டது, கொடி இறக்கப்பட்டது. பகைவர் கையில் பயன்படாதிருக்கும் பொருட்டு, கடல்நீரை உள்ளே விடும் அடைப்புகளை மாலுமிகள் திறந்துவிட்டனர். கப்பல் கவிழ்ந்து மூழ்கியது.

அதே வகையைச் சேர்ந்த ‘நிஷ்ஷின்’, ‘கசுகா’ என்னும் இரு கப்பல்களை ஜப்பான் பின்னர் வாங்கியது. 1904இன் தொடக்கத்தில் அவை சிங்கப்பூர் வழியாகவே ஜப்பானுக்குச் சென்றன. தமக்குரிய தலைமைப் பீரங்கிகளோடு 1905இல் சுஷிமா கடற்போரில் பங்கேற்று, சேதமுற்றும் மூழ்காமல் மீண்டன. எனவே, கோலோனின் தோல்விக்கு வடிவமைப்பை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. போரிட்ட இடமும் எதிரியின் வலிமையும் வேறு என்பது உண்மையே. ஆயினும் பீரங்கியும் நல்ல கரியும் உரிய காலத்தில் வந்து சேராமையே அதன் பெருங்குறை.

வடிவமைப்புப் பட்டியலில் ‘254 மில்லிமீட்டர் பீரங்கி 2’ என்னும் வரி இருக்கும். அவ்வரியைக் காணும் மாணவர், அப்பீரங்கிகள் எந்நாளில் பொருத்தப்பட்டன என்று கேட்கப் பழகினால், வரலாற்றைப் பயிலும் முறையில் ஒரு படி முன்னேறியவர் ஆவார்.