பட்டாளத்துக்கு ஒரு பெட்டி வீடு

பேரையூரிலிருந்து திருமங்கலம் வந்து நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், நீளமான இரும்புப் பெட்டியைச் சுமந்து போகும் லாரிகளைப் பார்த்திருப்பார்கள். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கன்டெய்னர் அது. 20 அடி அல்லது 40 அடி நீளம், 8 அடி அகலம். பட்டாளத்தார் அதைத் தங்குமிடமாகவும் ஆக்கிக்கொள்வதுண்டு என்றால், பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பிய தாய்க்கு வயிற்றைக் கலக்காதா? "என் பிள்ளை தகரப் பெட்டிக்குள்ளா படுத்துக் கிடக்கிறான்?"

இந்த யோசனை புதிதல்ல. 1950களில் அமெரிக்க ராணுவம் சாமான் அனுப்ப 'கோனெக்ஸ்' என்ற சிறு இரும்புப் பெட்டிகளைப் பயன்படுத்தியது. வியட்நாம் யுத்தத்தில், காலியான பெட்டிகள் பல திரும்பிப் போகவே இல்லை. சிப்பாய்கள் அவற்றைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கிப் பதுங்கறையாக்கிக்கொண்டார்கள். நம் வீட்டில் பிஸ்கட் டின் காலியானதும் மிளகாய் வற்றல் டின்னாகிவிடவில்லையா, அப்படித்தான்!

பெட்டியின் பலம் எங்கே இருக்கிறது தெரியுமா? கட்டிலுக்கு நாலு கால் போல, நாலு மூலைத் தூண்களில். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு அடுக்கு வைத்தாலும் பாரமெல்லாம் அவற்றின் வழியாகவே இறங்கும். சுவரோ சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள நெளிதகடு. துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. கூரை அதைவிடச் சாது. அதன்மேல் மண்ணைக் குவித்தால் தொய்ந்துவிடும். பெட்டியை அப்படியே மண்ணுக்குள் புதைத்தால் பக்கச் சுவர் உள்வாங்கும். ஜன்னலுக்காகத் தகட்டை வெட்டினாலும் வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்தாக வேண்டும்.

அடுத்தது வெயில். சித்திரை மாதத்து மதுரை வெயிலில் வெறும் பெட்டி இட்லிக் கொப்பரைதான். குளிர் நாட்டிலோ, உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றே, பால் பாத்திரத்து மூடியில் நீர் கோப்பது போல, சுவரில் கோத்துச் சொட்டும். அந்தத் தாய் கேட்க வேண்டியது, "பெட்டி எவ்வளவு கெட்டி?" என்றல்ல; "உள்ளே வெப்பமும் குளிரும் தாக்காமல் என்ன பொருத்தியிருக்கிறார்கள்? காற்று எப்படி வருகிறது?" என்றுதான்.

அதைச் சரியாகச் செய்தால் எந்தக் குளிரையும் தாங்கலாம் என்பதற்கு ராணுவம் சாராத உதாரணம் ஒன்று நம் தேசத்துக்கே உண்டு. அண்டார்க்டிகாவில் 2012-ல் திறக்கப்பட்ட 'பாரதி' ஆராய்ச்சி நிலையம் 134 கன்டெய்னர்களை இணைத்துக் கட்டியது. வெளியே குளிர்காக்கும் போர்வை ஒன்று முழுக்க மூடியிருப்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு பெட்டிகூடத் தெரியாது.