ஆங்கில மொழி கற்பித்தலில் மாணவர் வலைப்பூக்கள்

முன்னுரை

கல்லூரி மாணவர் எழுதும் ஆங்கிலக் கட்டுரைக்குப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே வாசகர். அவரும் செய்தியை அறிவதற்காக அன்றி, மதிப்பெண் இடுவதற்காகவே படிக்கிறார். இந்நிலையில், தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் வழிகாட்டி நூலின் பத்தியை மனனம் செய்து எழுதுவதே பாதுகாப்பெனக் கருதுகிறார். இதனை மாற்ற மாணவர் வலைப்பூ துணைபுரியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வலைப்பூ வகைகள்

ஏரன் கேம்பெல் 2003-இல் மொழி வகுப்புக்குரிய வலைப்பூக்களை ஆசிரியர் வலைப்பூ, வகுப்பு வலைப்பூ, மாணவர் வலைப்பூ என மூன்றாகப் பகுத்தார். முதலாவது அறிவிப்புக்கும் பாடக்குறிப்புக்கும் உரியது. இரண்டாவது கூட்டு முயற்சிக்குரியது. தனி எழுத்துப் பயிற்சிக்கு ஏற்றது மூன்றாவதே.

தகவல் இடைவெளி

பெங்களூரை மையமாகக் கொண்டு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய கற்பித்தல் திட்டம், கவனம் பொருளில் நிலைக்கும்போதே மொழியமைப்பு மனத்தில் படிகிறது என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர் வகுத்த செயற்பாடுகளுள் ஒன்று தகவல் இடைவெளி: ஒருவர் அறிந்ததை அறியாத மற்றொருவருக்கு உணர்த்துதல். தேர்வுக் கட்டுரையில் இவ்விடைவெளி இல்லை, வலைப்பூவில் உண்டு.

சான்று

ஜீயபுரத்து மாணவி ஒருவர் அருகிலுள்ள முக்கொம்பு பற்றி எழுதுவதாகக் கொள்வோம். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் மதகுகள் 2018 ஆகஸ்டில் உடைந்தன. பின்னர் அருகே புதிய கதவணை எழுந்தது. தமிழில் ஆங்கிலத்தின் 'தி' போன்ற சுட்டிடைச்சொல் இல்லை. ஆகவே அவர் இரண்டையும் வெறுமனே 'அணை' என்றே ஆங்கிலத்தில் எழுதுகிறார். வெளியூர்த் தோழி, "எந்த அணை? பழையதா, புதியதா?" எனப் பின்னூட்டத்தில் வினவுகிறார். அப்போது 'ஏ', 'தி' ஆகியவற்றின் வேறுபாடு, மனனம் செய்யும் விதியாக அன்றிப் பொருளின் தேவையாகப் புலப்படுகிறது.

செயல்முறை

மாணவரை ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பதிவு எழுதவும் குழுவினர் பதிவுகளுள் இரண்டிற்கு வினா எழுப்பவும் செய்யலாம். ஆசிரியர் வாரம் ஒரு பிழைவகையை மட்டும் வகுப்பில் விளக்குதல் நன்று. எல்லாப் பிழைகளையும் பொதுவெளியில் சுட்டினால் மாணவர் எழுதுவதையே நிறுத்திவிடுவர். முதல் வரைவையும் திருத்திய வடிவையும் தனித்தனிப் பதிவுகளாக வைத்தால் வளர்ச்சி தெளிவாகும். மாணவர் புனைபெயரில் எழுதுவதும், பதிவுகள் வகுப்பினருக்கு மட்டும் திறந்திருப்பதும் பாதுகாப்பானவை. இணைய வசதியற்றோர் தாளில் எழுதிக் கல்லூரிக் கணினியில் பதிவிட வாய்ப்பளித்தல் வேண்டும்.

முடிவுரை

வலைப்பூவின் பயன் தொழில்நுட்பத்தால் மட்டும் விளைவதன்று. வினவும் வாசகர் இல்லையெனில் அதுவும் மற்றொரு தேர்வுத்தாளே ஆகும். வாசகரை உருவாக்கித் தருவதே ஆசிரியரின் முதற்பணி எனலாம்.