ஹெலிகாப்டரின் வால் ஏன் அலைகிறது?

சித்திரையில் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றிக் கட்டாந்தரையாகக் கிடக்கும். ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிட மதுரைக்காரருக்கு அதைவிட நல்ல மைதானம் அமையாது. மதுரைக்குத் தெற்கே போவதற்கில்லை. அங்கே விமான நிலையம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, அதன் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் உயர வரம்பு. அவனியாபுரமும் திருப்பரங்குன்றமும் முதல் வட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி என்று தள்ளிப் போவதே நல்லது.

போய் இறங்கியதும் புதிதாக வாங்கியவரைப் படுத்தி எடுப்பது பெரும்பாலும் வால்தான். ஹெலி ஒரு முழம் எழும்பும், உடனே மூக்கைத் திருப்பிக்கொண்டு சுற்றும். அல்லது வால் படபடவென்று துடிக்கும். இரண்டும் இல்லையென்றால், ஸ்டிக்கைத் தொடாமலே மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். மூன்றுக்கும் எல்லாரும், வால் திரும்புவதை உணர்ந்து தானாகத் திருத்தும் கருவியான ஜைரோவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் ஜைரோ குற்றவாளியாக இருப்பது குறைவு. வாலின் இயந்திர வேலையில் உள்ள குறையை அது முடிந்தவரை மூடி மறைக்கிறது. முடியாமல் போகும்போது குறை நம் கண்ணில் படுகிறது.

மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி இது. 1939இல் பறந்த விஎஸ்-300 ஹெலிகாப்டரில் இகோர் சிகோர்ஸ்கி வாலில் ஒரு சின்ன விசிறியைப் பக்கவாட்டில் வைத்து அந்த முறுக்கைத் தடுத்தார். இன்றைக்கும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் அதே ஏற்பாடுதான். ஆனால் முறுக்கு நிலையாக இருப்பதில்லை. விசையைக் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும், காற்று அடித்தால் வால் தனியாக ஒரு பக்கம் போகும். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானி இருக்கையிலேயே அதை உணர்ந்து பெடலை மிதிப்பார். தரையில் நிற்பவருக்குக் கண் ஒன்றுதான் துணை. ஒரு கிலோகூட இல்லாத மாடலின் வாலோ கண் பார்த்துச் சொல்வதற்குள் பாதிச் சுற்று போய்விடும். ஜெர்மானியர் டீட்டர் ஷ்லூட்டர் 1970ஐ ஒட்டி ரிமோட் ஹெலிகாப்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்த காலத்தில், பறக்கவிட்டவர்கள் வெறும் கட்டைவிரலால்தான் வாலை அடக்கினார்கள். அந்தத் திறமைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

பிறகு வந்த ஜைரோக்களில் உண்மையாகவே ஒரு குட்டிச் சக்கரம் சுழன்றது. இப்போது அந்த இடத்தில் ஒரு சிலிக்கான் சில்லு. அதனுள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு துணுக்கு நொடிக்குப் பல ஆயிரம் முறை முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஹெலி திரும்பினால் அந்தத் துணுக்கு லேசாகப் பக்கவாட்டில் விலகும். பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் 1835இல் விளக்கிய விளைவுதான் இது. விலகலை மின்சாரத்தால் அளந்தால் திரும்பும் வேகம் கிடைத்துவிடும். கைபேசிக் கேமராவின் கை நடுக்கத்தைத் திருத்த உதவுவதும் இதே வகைச் சில்லுதான்.

ஜைரோவுக்கு இரண்டு முறைகள் உண்டு. சாதா முறையில் வால் திரும்பும்போது எதிர்த்து நிற்கும். திரும்பிய பிறகு பழைய திசைக்குக் கொண்டுவராது. திசைப்பூட்டு முறையில் எவ்வளவு திரும்பியது என்று கணக்கு வைத்துக்கொண்டு பழைய திசைக்கே இழுத்துவரும். சோம்பலால் பலர் நேராக இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள். முதலில் சாதா முறையில் வாலைச் சரிசெய்ய வேண்டும். வால் விசிறியின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டாரான சர்வோவிலிருந்து தள்ளுகம்பியைக் கழற்றிவிட்டு, வால் தண்டின் மேல் நகரும் ஸ்லைடரை ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது, ஆடவும் கூடாது. மணல் புகுந்திருந்தால் விரலுக்கே தெரியும். சர்வோவின் கையும் கம்பியும் செங்கோணத்தில் இருக்கட்டும். சாதா முறையில் அந்தரத்தில் நிறுத்தி, வால் ஒரு பக்கம் போனால் ரிமோட்டில் டிரிம் தொடாமல் கம்பியின் நீளத்தைச் சில திருகு கூட்டிக் குறைத்துத் திருத்துங்கள். அதன் பிறகு திசைப்பூட்டு. அந்த முறையில் தரையில் ஸ்டிக்கை அசைத்துவிட்டால் சர்வோ நடுவுக்குத் திரும்பாமல் அப்படியே நிற்கும். பழுது என்று பயப்பட வேண்டாம். அதன் இயல்பு அது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட சோதனை. மோட்டார் இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, சர்வோ எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஹெலியைத் தூக்கி மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். சர்வோ முன்பு போன அதே திசையில் போக வேண்டும். மாறிப் போனால் ஜைரோ தலைகீழாக இருக்கிறது. அப்படியே பறக்கவிட்டால் சுழற்சியைத் தடுக்க வேண்டியது அதை வளர்த்துவிடும். எந்தக் கை வேகமும் அதைப் பிடிக்காது. பெரிய மாடல்களின் மேல் விசிறி ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ரிமோட் ஹெலி பறக்கவிட்ட 19 வயது இளைஞர் ஒருவர் அதன் விசிறி தாக்கியே இறந்தார். இதை விளையாட்டுப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வால் வேகமாகத் துடித்தால் கெயின், அதாவது ஜைரோ திருத்தும் வலிமை, அதிகம். துடிப்பு நிற்கும் வரை ரிமோட்டில் குறைத்தால் போதும். மெதுவாக இடமும் வலமும் அலைந்தால் இணைப்புகளில் தளர்ச்சியைத் தேடுங்கள். சர்வோ மந்தமாக இருந்தாலும் அப்படித்தான் அலையும்.

மதுரை வெயில் இதற்கு மேலும் சில தொல்லைகளைச் சேர்க்கிறது. ஏசி காரில் குளிர்ந்து வந்த ஹெலியை 39 டிகிரி வெயிலில் இறக்கி உடனே பேட்டரி மாட்டினால், ஜைரோ அந்தக் குளிர்ந்த நிலையில்தான் தன் பூஜ்யத்தைப் பதிந்துகொள்ளும். சில்லு சூடாகச் சூடாகப் பூஜ்யம் நகரும். ஹெலி சும்மா நின்றாலும் மெல்லத் திரும்புவதாக ஜைரோ எடுத்துக்கொண்டு வாலை எதிர்ப்பக்கம் தள்ளும். புதிய ஜைரோக்கள் இதை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனாலும் கருவேல நிழலில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பேட்டரி மாட்டுவது நல்லது. மாட்டும்போது ஹெலி அசையக் கூடாது. ஆடிக் காற்றில் கையில் பிடித்தபடி மாட்டவே கூடாது. ஜைரோவை ஒட்டியிருக்கும் இருபக்க நுரை டேப்பின் பசை வெயிலில் இளகும். அடிக்கடி அழுத்திப் பாருங்கள். பெல்ட்டால் ஓடும் வாலில், வறண்ட காற்றில் நிலைமின்சாரம் சேர்ந்து வால் திடீர் திடீரென்று வெட்டும். வால் குழாயிலிருந்து மோட்டார் உடலுக்கு ஒரு மெல்லிய கம்பி இழுத்துவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று, 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. பனிக்காலத்தில் ஒழுங்காகப் பிடித்த வால், கோடையில் விசையைச் சட்டென்று கூட்டினால் நழுவுவதற்கு அதுவும் ஒரு காரணம். வால் பிளேடை ஓர் அளவு பெரிதாக மாற்றினால் பிடி திரும்பும்.

இந்தக் கலை வயலுக்கும் மருத்துவத்துக்கும் போயிருக்கிறது. ஜப்பானில் யமஹாவின் ஆர்-50 ஆளில்லா ஹெலிகாப்டர் 1987 முதல் நெல்வயலில் மருந்து தெளித்தது. நம் பக்கம் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்‌ஷா டிரோன் குழுவுக்கு, ரிமோட் விமானங்களில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ டிரோன் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. இப்போது வயல்களுக்கு வருகிற மருந்து தெளிக்கும் டிரோன்களுக்கு வால் கிடையாது. பாதி விசிறிகள் வலமும் பாதி இடமும் சுற்றுவதால் முறுக்கு தானே கழிந்துவிடுகிறது. திரும்ப வேண்டுமானால் ஒரு பாதியின் வேகத்தைக் கூட்டி மறு பாதியைக் குறைக்கிறார்கள். எவ்வளவு திரும்பியது என்று அளந்து சொல்வது அதே ஜைரோ. சோழவந்தான் வயல்வரப்பில் டிரோனை இறக்குபவரும் அதைச் சமதரையில் வைத்து, வெயிலின் சூட்டுக்குப் பழகவிட்டு, கையை எடுத்த பிறகுதான் இயக்க வேண்டும்.