வலைக்குள் ஒரு மரம்

ஓர் ஊருக்கு ஒரு பாதை இருப்பதைவிட இரு பாதைகள் இருப்பது நல்லது. ஒன்று வெள்ளத்தில் உடைந்தால் மற்றொன்று கைகொடுக்கும். கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்புக்கும் இது பொருந்தும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அங்கே இரண்டாம் பாதை, முதற்பாதையையும் சேர்த்து முடக்கிவிடக்கூடும்! அஃது எவ்வாறு? அதனைத் தடுப்பது எது? கணிதம் பயிலும் மாணவி என்ற முறையில் என்னைக் கவர்ந்த இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று சுவிட்சுகளைக் கேபிள்களால் முக்கோணமாக இணைத்துள்ளதாகக் கொள்வோம். முதல் சுவிட்சோடு இணைந்த கணிப்பொறி, அனைவருக்குமான அறிவிப்பொன்றை அனுப்புகிறது. அத்தகைய அறிவிப்பை, அது வந்த வாயில் நீங்கலாக மற்றெல்லா வாயில்களிலும் வெளியிடுவது சுவிட்சின் இயல்பு. எனவே முதலாவது மற்ற இரண்டுக்கும் அனுப்பும். அவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். பிறகு முதலாவதற்கே திருப்பும். இரு நகல்கள் எதிரெதிர்த் திசைகளில் செக்குமாடுகளைப் போலச் சுற்றத் தொடங்கும். இணையத்தில் செல்லும் ஐ.பி. பொதிக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஈதர்நெட் பொதிக்கோ அது இல்லை. எனவே அது தானாக மடியாது. புதிய அறிவிப்பு ஒவ்வொன்றும் மேலும் இரு நகல்களைச் சேர்க்க, விரைவில் வலை மூச்சுத் திணறி நின்றுவிடும்.

சுற்று ஏதும் இன்றி எல்லாக் கணுக்களையும் இணைக்கும் உருவத்தைக் கணிதம் ‘மரம்’ என்கிறது. மரத்தில் எந்த இரு கணுக்களுக்கிடையேயும் ஒரே பாதைதான் உண்டு. கெய்லி என்பார் 1889-இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, நான்கு கணுக்களைக் கொண்டு 16 மரங்கள் அமைக்கலாம். பத்துக் கணுக்களானால் பத்துக் கோடி மரங்கள்! வலையமைப்புக்கேற்ற ஒரு மரத்தை, மேற்பார்வையாளர் எவரும் இன்றிச் சுவிட்சுகளே தமக்குள் பேசித் தேர்ந்துகொள்வது எப்படி? டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்ற பெண் அறிஞர் இதற்கு வழி கண்டு 1985-இல் வெளியிட்டார். ‘ஸ்பானிங் ட்ரீ’ எனப்படும் அம்முறை 1990-இல் 802.1டி என்ற தரநெறியாயிற்று.

அம்முறை மிக எளியது. தொடக்கத்தில் ஒவ்வொரு சுவிட்சும் ‘நானே வேர்’ என்று முழங்கும். தன்னினும் சிறிய அடையாள எண்ணைக் கேட்டதும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும். முடிவில் மிகச் சிறிய எண் உடையதே வேராகும். வேர் இரண்டு விநாடிக்கொருமுறை செய்தி விடுக்கும். மற்றவை வேருக்குச் செல்லும் மலிவான பாதையைத் தேரும்; விரைவான கேபிளுக்குச் செலவு எண் குறைவு. நூறு மெகாபிட் கேபிளுக்கு 19, ஒரு கிகாபிட் கேபிளுக்கு 4. நம் முக்கோணத்தில் எஞ்சிய மூன்றாம் கேபிளின் ஒரு முனை அடைக்கப்படும். சுற்று அறுந்தது!

அடைபட்ட வாயில் உறங்குவதில்லை. தரவைக் கடத்தாவிடினும் வேரின் செய்திகளை அது கேட்டுக்கொண்டே இருக்கும். வேறு கேபிள் அறுந்தால் தன் கதவைத் திறக்கும்; ஆனால் உடனே அன்று. அவசரப்பட்டால் மீண்டும் சுற்று உண்டாகலாம் என்பதால், பழைய முறையில் 30 முதல் 50 விநாடிகள் வரை பொறுத்திருக்கும். 2001-இல் வந்த விரைவு முறை இத்தாமதத்தைப் பெரிதும் குறைத்தது.

ஆயினும் மனிதரின் கவனமும் தேவை. முன்னுரிமை எண்ணை நாம் குறிக்காவிடில் எல்லாவற்றுக்கும் 32768 என்றே இருக்கும். அப்போது மிகச் சிறிய முகவரியுள்ள ஏதோ ஒரு பழைய சுவிட்சு முடிசூடிக்கொள்ளலாம். பரப்புக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை சில நாள்கள் முடங்கியது. சிறுகச் சிறுக ஒட்டி வளர்க்கப்பட்ட அவ்வலை, இம்முறை தாங்கும் அளவை மீறியிருந்தது. மருத்துவர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினர்.

நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவர் கைக்கு உரிய நேரத்தில் சேர்வதும் இந்த மரத்தின் கையில் இருக்கிறது. வகுப்பில் நாம் கோடும் கணுவுமாய் வரையும் படங்கள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல என்பதை மாணவ நண்பர்கள் உணர்வார்களாக!